அடுக்கம்பாறை சீட் யாருக்குப் போனது?

காட்பாடியில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: "சார், என் மகள் நீட்டில் நல்ல மார்க் எடுத்தும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு எஸ்சி பெண்ணுக்கு, இவளைவிடக் குறைந்த மார்க், கிடைத்துவிட்டது. நாங்கள் பிசி. இன்னும் எத்தனை காலத்துக்குச் சாதியைப் பார்த்துக் கொடுப்பார்கள்? ஏழை யாரோ அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாமே? என் தகப்பனார் காலத்தில் சரி, இப்போது எதற்கு?"

முப்பத்து நாலு வருஷம் அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். ஒடுகத்தூர் பக்கம், ஆற்காடு பக்கம், கடைசியில் வேலூர் டவுன். ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் கவுன்சலிங் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தே பாதி விடுமுறை போகும். அதனால் கணக்கில் தொடங்குகிறேன் தம்பி, கோபத்தை அப்புறம் பார்க்கலாம்.

அடுக்கம்பாறையில் 100 எம்பிபிஎஸ் இடம் என்று வையுங்கள். அதில் 15, நாடு முழுக்க இருந்து யாரும் போட்டியிடுகிற அகில இந்தியத் தொகுப்புக்குப் போய்விடும். மீதி 85. அதில் 7.5 சதவீதம், அதாவது 6 இடம், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இருக்கிற 79ஐ நம் மாநிலக் கணக்குப்படி பிரித்தால் பொதுப் போட்டிக்கு ஏறத்தாழ 24, பிசிக்கு 21, பிசி முஸ்லிமுக்கு 3, எம்பிசிக்கு 16, எஸ்சிக்கு அருந்ததியரையும் சேர்த்து 14, எஸ்டிக்கு ஒன்று. அரை, கால் முன்னே பின்னே வரும், விடுங்கள்.

உங்கள் மகள் எந்த இடங்களுக்குப் போட்டியிட்டாள்? அந்த 24க்கும், பிசியின் 21க்கும். ஆக 45. இதில் 21 இடத்துக்கு அவள் வரிசையில் நின்றதே கையில் இருந்த சாதிச் சான்றிதழால்தான். "நாங்கள் பிசி" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் சாதியைப் பார்த்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 'கோட்டா' என்றால் அது எஸ்சிக்கு மட்டும் என்று நம் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். படித்தவர்கள்கூட. பிசி, எம்பிசி எல்லாம் ஏதோ பிறப்புரிமை மாதிரியும், எஸ்சிக்குக் கொடுப்பது மட்டும் சலுகை மாதிரியும் ஒரு பேச்சு. ஆசிரியர் ஓய்வறையிலேயே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பேசியவரும் இனச்சுழற்சியில், அதாவது வேலை இடங்களைச் சாதிப் பிரிவு வாரியாக வரிசை வைத்து நிரப்பும் முறையில், வேலைக்கு வந்தவராகவே இருப்பார். நானும் அப்படி வந்தவன்தான். குடியாத்தத்தில் தறி நெய்தவர் என் தகப்பனார். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவு மூப்பில் பிசி டர்ன் வந்தபோது எனக்கு ஆர்டர் வந்தது.

இன்னொன்று. அந்தப் பெண் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தவள் என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவள் வந்தது பெரும்பாலும் அந்த 6 இடக் கணக்கில்தான். நீட் வந்தபிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. அதைப் பார்த்துத்தான் நீதிபதி கலையரசன் குழுவை வைத்து, 2020ல் இந்த 7.5 சதவீதச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்குள்ளும் வகுப்புவாரிப் பிரிவு உண்டு, பிசி பிள்ளைகளும் அதில் சேருகிறார்கள். கோச்சிங்குக்கு லட்சம் ரூபாய் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கென்று தனியாக ஒதுக்கிய இடம் அது. ஏழைக்குக் கொடுக்கலாமே என்றீர்கள். நம் மாநிலத்தில் மருத்துவப் படிப்பில் அதற்கு ரொம்பப் பக்கத்தில் வருவது இதுதான். அதையும் அவள் சாதிக் கணக்கிலேயே எழுதிவிட்டீர்கள்.

சரி, ஒரு பேச்சுக்கு எஸ்சிக்கான 14 இடத்தையும் நாளைக்கே எடுத்துவிட்டார்கள் என்று வைப்போம். அது உங்கள் மகள் கையில் வந்து விழாது. மாநில ரேங்க் பட்டியலைத் திறந்து, கடைசியாகச் சீட் கிடைத்த பிசி மாணவரின் எண்ணுக்கும் உங்கள் மகள் எண்ணுக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் அவர்கள் வருவார்கள். மார்க் வித்தியாசத்தையும் பாருங்கள். பொதுப் போட்டி என்பது 'முன்னேறிய சாதிக்கு' என்று எழுதி வைத்த இடம் இல்லை. யார் ரேங்க் வாங்கினாலும் போகலாம். தமிழ்நாட்டில் அதில் பெரும்பகுதி பிசி, எம்பிசி பிள்ளைகளே போய்விடுகிறார்கள். அவர்கள் மேலே போவதால்தான் கீழே பிசி வரிசை கொஞ்சம் நகருகிறது.

இப்போது ஊர்க் கதைக்கு வருகிறேன். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் நின்று இட ஒதுக்கீட்டைத் திட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். வேலூரை வெளியூர்க்காரனுக்குத் தெரிய வைத்த இரண்டு கல்வி நிலையங்கள் சிஎம்சியும் விஐடியும். இரண்டிலும் இந்த 69 சதவீதக் கணக்கு கிடையாது. சிஎம்சி கிறிஸ்தவச் சிறுபான்மை நிறுவனம். தனியார் கல்லூரிகளிலும் இட ஒதுக்கீடு தரலாம் என்று 2005ல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தியபோதே சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். விஐடி 1984ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. சொந்த நுழைவுத் தேர்வு, சொந்தக் கட்டணம். அரசுப் பள்ளியில் படித்து மாவட்டத்தில் முதலிடம் வரும் ஒரு மாணவன், ஒரு மாணவிக்கு இலவசமாக இடம் தருகிறார்கள். நல்ல விஷயம், ஆனால் அது அவர்களாகத் தருவது. ஆக, ஊரின் பெரிய இரண்டு வாசலிலும் இட ஒதுக்கீடு இல்லை. அங்கே கிடைக்காததற்கும் பக்கத்துத் தெருப் பெண்ணையா கேட்பது?

சிஎம்சியைச் சொன்னதும் தகுதி என்கிற விஷயத்தைப் பேசாமல் போக முடியாது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கி வருகிறார்கள் நோயாளிகள். அங்கே டாக்டர் ஆனவர்களின் தகுதியை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் நீட் வரும்வரை சிஎம்சி ஒருநாளும் மார்க்கை மட்டும் வைத்து ஆள் எடுத்ததில்லை, தெரியுமா? திருச்சபைகளும் மிஷன் ஆஸ்பத்திரிகளும் பரிந்துரைத்து அனுப்புவார்கள். தேர்வில் தேறியவர்களைக் கூப்பிட்டு பாகாயம் வளாகத்தில் வைத்துப் பேசிப் பார்ப்பார்கள், பழகிப் பார்ப்பார்கள். படித்து முடித்ததும் ஏதாவது ஒரு மூலையில் இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை செய்ய வேண்டும். எங்கே டாக்டர் தேவையோ அங்கே போகிற பிள்ளை யார் என்று பார்த்துத்தான் எடுத்தார்கள். நீட் வந்தபோது இந்த முறையை விட மாட்டோம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2017ல் 100 எம்பிபிஎஸ் இடத்தில் ஒன்றைத் தவிர மற்றதைக் காலியாகவே விட்டார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிக்கும் நீட் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு அப்படி. ஆனால் மார்க்குக்கு வெளியேயும் தகுதி உண்டு என்று அந்தக் கல்லூரியே வாதாடியது என்பதை நான் மறப்பதில்லை.

அதே கல்லூரியின் தொடக்கத்தையும் பாருங்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார் என்று சொல்வார்கள். அவர் 1918ல் இங்கே ஆரம்பித்த மருத்துவப் பள்ளியில் பெண்களுக்கு மட்டும்தான் இடம். ஆண்களைச் சேர்த்தது 1947ல். கிட்டத்தட்ட முப்பது வருஷம் வேலூரில் நூறு சதவீத ஒதுக்கீடு நடந்திருக்கிறது, நாம்தான் அதை அந்தப் பெயரில் சொல்வதில்லை.

தகுதி குறைந்துவிட்டது என்று ரொம்பக் கவலைப்படுகிறவர்களிடம் இரண்டு எண் சொல்வேன். 2023 நீட்டில் பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி மதிப்பெண் 720க்கு 137. அதை எடுத்துவிட்டுப் பெரிய பையோடு போனால் தனியார் நிகர்நிலைக் கல்லூரியில் எம்பிபிஎஸ் சேரலாம். அதே 2023ல் முதுநிலை மருத்துவப் படிப்பில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பர்சன்டைல் ஆக்கினார்கள். தேர்வு எழுதியிருந்தாலே போதும் என்று அர்த்தம். அன்றைக்குத் தகுதி போச்சே என்று எந்தத் தெருவிலும் கூட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை. பணத்தால் வருகிற குறை மார்க் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டாக டாக்டர்களில் நிறையப் பேர் இட ஒதுக்கீட்டில் வந்தவர்கள். 2020 கணக்குப்படி ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது இந்தியாவில் 28, இங்கே 13. இதற்கு ஆரம்ப சுகாதார நிலையம், சத்துணவு, பெண் படிப்பு என்று பல காரணம் உண்டு. ஆனால் டாக்டர் தரம் கெட்டுப்போயிருந்தால் இந்த எண் வந்திருக்காது.

என் தகப்பனார் காலத்தில் சரி என்றீர்களே, அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 1921ல் நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி அரசாணை வந்தது. காகிதத்தில் கிடந்ததை முத்தையா முதலியார் அமைச்சராக இருந்த 1928ல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 12 வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், கிறிஸ்தவர்களும் ஆங்கிலோ இந்தியரும் என்று ஒவ்வொரு வகைக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றே ஒன்று. அன்றைக்கும் யாருக்குக் கடைசிப் பங்கு என்று பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவச் சீட் மறுக்கப்பட்டது என்று வழக்குப் போட்டவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. 1951 ஏப்ரலில் அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, இங்கே தெருவெல்லாம் போராட்டம். அந்த ஜூனிலேயே அரசமைப்புச் சட்டத்தில் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4) பிரிவு சேர்ந்தது.

எங்கள் குடியாத்தத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1953ல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் அரை நாள்தான், மீதி நேரம் பிள்ளை வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று. குலக்கல்வி என்று பெயர் விழுந்துவிட்டது. அது நிலைத்திருந்தால் நான் அரை நாள் தறிக்குழியில் இருந்திருப்பேன். பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர் பிள்ளை அரை நாள் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றிருப்பான். அந்த எதிர்ப்பில் ராஜாஜி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டத்தைத் தூக்கினார். அவர் சட்டமன்றத்துக்குள் நுழைய இடைத்தேர்தலில் நின்றது குடியாத்தத்தில், 1954ல். காங்கிரஸ்காரருக்குப் பெரியார் ஆதரவு கொடுத்த தேர்தல். என் தகப்பனார் அந்த ஓட்டைப் பற்றிப் பேசாத தீபாவளி கிடையாது. இட ஒதுக்கீடு ஒரு பக்கம் இருக்கட்டும், ஊருக்கு ஒரு பள்ளியும் மதியச் சோறும் இல்லாமல் வெறும் கோட்டா இருந்து என்ன பயன்? வரிசையில் நிற்கவே ஆள் வந்திருக்க மாட்டார்கள். 2021-22 கணக்குப்படி உயர்கல்விக்குப் போகிற வயதுப் பிள்ளைகளில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47 பேர் போனார்கள், நாடு முழுக்கப் பார்த்தால் 28 பேர்தான். அது இரண்டும் சேர்ந்து செய்த வேலை.

பொருளாதார அடிப்படை என்பதும் நம் ஊருக்குப் புதுசு இல்லை. 1979ல் எம்ஜிஆர் போட்டார்: ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டினால் பிசி சலுகை கிடையாது. நான் அப்போது கல்லூரியில். வகுப்பில் பாதிப் பேர் வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நின்றோம். மாதச் சம்பளம் வாங்குகிற கிளார்க் மகன் வெளியே போனான். நெல் மண்டி வைத்திருந்தவர் மகன் 6,000 ரூபாய்க்குச் சான்றிதழ் வாங்கி உள்ளே இருந்தான். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதிமுக 39ல் 2 இடம்தான் ஜெயித்தது. அடுத்த மாதமே ஆணை வாபஸ், அதோடு பிசி ஒதுக்கீடு 31லிருந்து 50 சதவீதம் ஆனது. அரசியல்தான், மறுக்கவில்லை. ஆனால் சம்பளச் சீட்டு இருக்கிறவன் மாட்டுவான், கல்லாப்பெட்டி இருக்கிறவன் தப்புவான் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. கடைக்காரரான நீங்கள் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2019ல் மத்திய அரசு, ஏற்கெனவே ஒதுக்கீடு இல்லாத சாதிகளின் ஏழைகளுக்கென்று கொண்டுவந்த 10 சதவீதம் முழுக்கப் பொருளாதார அடிப்படைதான். அதில் ஏழை என்பவர் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர். மாதம் 66 ஆயிரம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிற பெண் ஆறேழு மாதம் உழைத்தாலும் அவ்வளவு பார்ப்பாளா தெரியாது. ஆனால் அந்த ஏழைப் பட்டியலில் அவள் இல்லை, ஏனென்றால் அவள் எஸ்சியோ எம்பிசியோ பிசி முஸ்லிமோ. ஏழை என்றால் எல்லா ஏழையும்தானே? 2022 நவம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் சட்டம் செல்லும் என்றார்கள். தலைமை நீதிபதி லலித்தும் நீதிபதி ரவீந்திர பட்டும், பிற சாதி ஏழைகளை வெளியே நிறுத்தியது தவறு என்று மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார்கள். என் கட்சி அந்த இரண்டு பேர் கட்சி.

ஏழ்மைக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், ஃபீஸ் கட்டலாம், ஹாஸ்டல் கட்டலாம். கொடுக்கத்தான் வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை என்று இங்கே 2010லிருந்து இருக்கிறதே, அது எனக்கு ரொம்பப் பிடித்த திட்டம். ஆனால் இட ஒதுக்கீடு ஏழ்மைக்குப் போட்ட மருந்து இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் மாவட்டம்தான் அப்போது. ஒரு தலித்தின் பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக நிலத்தின் வழியாகப் பாதை விடாததால், பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். செத்தவருடைய வருமானச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. 'இப்போது எதற்கு' என்று கேட்டீர்கள். இதற்குத்தான்.

இவ்வளவும் சொன்னதால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். என்னுடைய சண்டை வேறு இடத்தில்.

முதல் சண்டை, வரிசைக்குள் யார் முன்னால் நிற்கிறார்கள் என்பது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் செய்தபோது நான் ஆற்காட்டுப் பக்கம் வேலையில் இருந்தேன். ரோட்டில் மரம் வெட்டிப் போட்டுக் கிடந்தது. வாலாஜாவிலிருந்து நடந்தே வந்தேன். அந்தப் போராட்டத்தில் 21 உயிர் போனது. கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரே பிசி பட்டியலில் படிப்பில் முந்திய சாதிகளோடு போட்டி போட்டு, கூலிக்கு மண் வெட்டுகிற வீட்டுப் பிள்ளை ஜெயிக்க முடியாது. 1989ல் கருணாநிதி 50ஐ 30, 20 என்று பிரித்து எம்பிசியை உண்டாக்கினார். அதன் பலனை என் வகுப்பறையில் கண்ணாலேயே பார்த்தேன். திமிரி, கலவைப் பக்கத்திலிருந்து முதல் தலைமுறையாக ஆசிரியர் பயிற்சிக்கும் நர்சிங்குக்கும் போனார்கள். 2021ல் அந்த 20க்குள் வன்னியருக்கு 10.5 என்று பிரித்தபோது, தகுந்த புள்ளிவிவரம் இல்லை என்று 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உள் ஒதுக்கீடு தப்பு என்று சொல்லவில்லை, கணக்கைக் காட்டு என்றது. கணக்கு வாத்தியாராக எனக்கு அதில் குறையே இல்லை.

கணக்குப் பார்க்காமல் தனிப்பங்கு கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 2007ல் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பிசிக்குள் தலா 3.5 சதவீதம் கொடுத்தார்கள். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பிள்ளைகளுக்கு அது நல்லதாகவே போனது. கிறிஸ்தவர்களோ பொது பிசி வரிசையில் இதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷமே எங்களுக்கு இது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இதே சங்கதி இன்னும் மோசம். ஓபிசிக்குள் உட்பிரிவு செய்வதற்காக வைத்த ரோகிணி ஆணையம் 2018ல் பார்த்த கணக்கில், மத்திய வேலையிலும் கல்வி இடங்களிலும் 97 சதவீதம் ஏறத்தாழ கால் பங்கு சாதிகளுக்கே போயிருக்கிறது. 983 சாதிகளுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் அருந்ததியருக்கு 2009ல் கொடுத்த 3 சதவீதத்தை நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதி அமர்வும் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது.

அப்புறம் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்கள். ஆற்காடு மிஷன் ஊரூராகப் போன பகுதி இது. ஊரிஸ் கல்லூரி வைத்தவர்களும் அவர்கள்தான். சேரியில் பள்ளிக்கூடம் முதலில் வந்தது பெரும்பாலும் அவர்களால். ஆனால் 1950ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணைப்படி கிறிஸ்தவரானால் எஸ்சி இல்லை, இங்கே பிசி. ஒரே தெருவில் அண்ணன் எஸ்சி, ஞானஸ்நானம் வாங்கிய தம்பி பிசி. சர்ச்சுக்குப் போனதும் ஊர்க்காரன் அவனுக்கு வேறு வழி விட்டுவிட்டானா? இல்லை. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் திருத்தினார்கள். இவர்களுக்கு இன்னும் ஆணையம் மேல் ஆணையம்.

ஆனால் என்னை உண்மையில் தூங்கவிடாதது மலைப் பிள்ளைகள். ஒடுகத்தூரில் இருந்தபோது பீஞ்சமந்தைப் பக்கத்திலிருந்து இறங்கி வருவார்கள். மலையாளி என்பது அவர்கள் இனத்தின் பெயர், கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் பக்கத்தில் சில மாவட்டப் பெயர்கள் இருக்கும், அதில் ஒன்று வட ஆற்காடு. மாவட்டம் 1989ல் உடைந்து, 2019ல் மறுபடி மூன்றாகி, எந்தப் பலகையிலும் வட ஆற்காடு இல்லை. அந்தப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்ற சாதிச் சான்றிதழைத் தாசில்தார் ஆபீசோடு முடித்துவிடலாம், எஸ்டிக்கு கோட்டாட்சியர் தர வேண்டும். அப்பா சான்றிதழ் எங்கே, தாத்தா சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். தாத்தா பள்ளிக்கே போகவில்லையே. பத்தாம் வகுப்பில் கணக்கில் 90க்கு மேல் எடுத்த ஒரு பையன் இந்த அலைச்சலில் ஒரு வருஷம் போக்கி, பிறகு படிப்பையே விட்டான். செம்மரம் வெட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் செத்தார்கள் என்று வந்த அன்று பேப்பரை நான் முழுக்கப் படிக்கவில்லை. 2024ல் அதே ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஒரு பெண், 23 வயதில், சிவில் நீதிபதித் தேர்வில் ஜெயித்தார். பிரசவமாகி சில நாளில் போய்த் தேர்வு எழுதியவர். தமிழ் வழியில் படித்தவருக்கான முன்னுரிமையும் அவருக்குக் கை கொடுத்தது. அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன்.

வேலை விஷயத்தை ரொம்ப நீட்ட வேண்டாம். மாநில அரசு வேலையில் 200 புள்ளி இனச்சுழற்சி: பொது 62, பிசி 53, பிசி முஸ்லிம் 7, எம்பிசி 40, எஸ்சி 30, அருந்ததியர் 6, எஸ்டி 2. இதை வைத்துக்கொண்டு டீக்கடையில் சண்டை போடுகிறோம். 2022 குரூப் 4 தேர்வுக்கு அறிவித்தது 7,301 இடம். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 300 பேர். இட ஒதுக்கீட்டை அடியோடு எடுத்தாலும் 299 பேர் வீட்டுக்குத்தான் போவார்கள். யார் அந்த ஒருவர் என்பது மட்டும் மாறும். இதற்கு நடுவே ஆஸ்பத்திரித் துப்புரவு, காவல், டேட்டா என்ட்ரி எல்லாம் அவுட்சோர்சிங் ஆகிவிட்டது. அங்கே இனச்சுழற்சியும் இல்லை, பென்ஷனும் இல்லை. நம் பகுதியில் ஆயிரக்கணக்கில் வேலை தருவது தோல், ஷூ கம்பெனிகளும் தனியார் ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும்தான். அங்கேயும் எந்த ஒதுக்கீடும் இல்லை. குளம் வற்றிக்கொண்டிருக்கிறது, நாம் மதகில் நின்று யார் குடம் பெரிசு என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் மகள் இன்னொரு முறை நீட் எழுதப் போகிறாள் என்றீர்கள். நல்லது. ஒரு காரியம் மறக்காமல் செய்யுங்கள். நான் முதலில் தள்ளி வைத்தேனே, அந்த அகில இந்தியத் தொகுப்பு 15 சதவீதம், அதில் 2021லிருந்து ஓபிசிக்கு 27 சதவீதம் உண்டு. கோர்ட்டுக்குப் போய் வாங்கியது அது. அதற்கு உங்கள் வீட்டில் இருக்கிற பிசி சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழ் தனியாக இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தேதியும் புதுசாக இருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டால் விஏஓ, ஆர்ஐ என்று விசாரணை வரும். சம்பளமும் விவசாய வருமானமும் அதில் கணக்கில் வராது, ஆனால் கடை வருமானம் வரும். தொடர்ந்து மூன்று வருஷம் 8 லட்சத்தைத் தாண்டியிருந்தால் கிரீமி லேயர், அதாவது வசதியானவர், என்று கிடைக்காது. நீங்கள் கேட்ட பொருளாதார அடிப்படை அங்கே ஏற்கெனவே இருக்கிறது தம்பி. கடைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.